ஒன்றுக்கும் ஆகாத மண்ணில் பூத்தவை

முதல் தடவை எட்ஜ்வுட் இயற்கைக் காப்பகத்துக்குப் போனபோது விரிந்த பாப்பிப் பூ ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான். எங்கே கிளம்பினாலும் வெயில் ஏறுமுன் போய் வந்துவிட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை பிள்ளைகளை ஆறு மணிக்கே எழுப்பி, சன்னிவேலிலிருந்து 280 நெடுஞ்சாலை வழியாக ரெட்வுட் சிட்டி வரை ஓட்டிப் போய், எட்டு மணிக்கு வாசலில் நின்றோம். மலை முழுக்க மூடுபனி. மேலே ஏறிப் பார்த்தால், கலிஃபோர்னியாவின் மாநில மலர் என்று பெரியவள் பள்ளியில் படித்துவிட்டு வந்த அந்த ஆரஞ்சு நிறப் பூக்கள் எல்லாம் மடக்கிய குடைபோலச் சுருண்டு கிடந்தன. பாப்பிக்கு வெயில் வேண்டும். குளிரிலும் மேகத்திலும் அது திறக்காது, சாயந்திரம் மறுபடி மூடிக்கொள்ளும். சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. "பூ எங்கம்மா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அழ ஆரம்பித்துவிட்டான்.

அழுதவன் அடுத்து ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான். கழிப்பறை கீழே வாசல் பக்கம்தான். மேலே எதுவும் இல்லை. பாதையை விட்டு நாலு எட்டு உள்ளே கூட்டிப் போய், குறுக்கே நின்ற மொட்டைக் கிளையைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். இலையே இல்லாத குச்சி, அதனால் யோசிக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோடு கோடாகச் சிவந்து, கொப்புளம் வைத்து, ராத்திரித் தூக்கமே போயிற்று. அது பாய்சன் ஓக்.

வீடியோ காலில் என் கையைப் பார்த்த மாமியார், டாக்டருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "ஏம்மா, முந்திரிக்கொட்டை பால் பட்ட கையாட்டம் இருக்கே! அங்க ஏது முந்திரி?"

அத்தைக்குப் பண்ருட்டிப் பக்கம். அங்கே முந்திரி உடைக்கிற வீடுகளில் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்ளாமல் உட்கார மாட்டார்கள். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அத்தை சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்று நினைத்தேன், அப்புறம் தேடிப் பார்த்தால் பாய்சன் ஓக்கும் முந்திரியும் மாமரமும் நம் சேராங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் உதட்டில் பட்டால் சிலருக்குப் புண்ணாகிறதே, அதே ஜாதிச் சங்கதிதான். நம்மவர்களுக்கு இந்தச் செடியை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சேராங்கொட்டை மரத்தடியில் பிள்ளையை விடுவீர்களா? மாட்டீர்கள். அவ்வளவுதான்.

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வசந்தத்தில் நடக்கப் போகிற எல்லோருக்கும் இது வேண்டும். பாய்சன் ஓக் மூன்று மூன்று இலையாக வரும். மார்ச்சில் துளிர் பளபளவென்று, பல இடத்தில் செம்பு நிறமாக இருக்கும். பார்க்க அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. குளிர்காலத்தில் இலை உதிர்ந்துவிடும், ஆனால் வெறுங்குச்சியிலும் அந்த எண்ணெய் உண்டு. நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான். பட்டுவிட்டது என்று தோன்றினால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஷூ லேஸைக்கூட விடக்கூடாது. கழுவும் முன் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், எண்ணெயோடு எண்ணெய் சேர்ந்து பரவத்தான் செய்யும். கொப்புளத் தண்ணீர் பட்டு அடுத்தவருக்கு ஒட்டாது. நான் அது தெரியாமல் ஒரு வாரம் சின்னவனைத் தூக்காமல் இருந்தேன், பாவம்.

மறு வருடம் அத்தை ஆறு மாத விசாவில் வந்திருந்தார். ஏப்ரல் தொடக்கம், மழை விட்டு நாலைந்து நாள் நல்ல வெயில். "பூ பார்க்கவா இம்மாந்தூரம் போறது, ரோட்டோரமே பூத்துக் கிடக்குதே" என்றார். ஆனாலும் கிளம்பிவிட்டார். பிரச்சினை செருப்பில் வந்தது. ரப்பர் செருப்போடுதான் நடப்பேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் என்னுடைய பழைய ஷூ, அவர் மகனுடைய கனத்த சாக்ஸ், மேலே வெளிர் மஞ்சள் நூல் சேலை, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொருகி, அப்படியே புறப்பட்டார். நடவு வயலுக்குப் போகிற மாதிரி இருந்தார் என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்குத் திட்டு வாங்கினார்.

இந்த முறை நேரத்தை மாற்றினேன். பத்து மணிக்குமேல் போனால் பூ விரிந்திருக்கும், ஆனால் பூக்கும் பருவத்தில் சனி ஞாயிறு அந்தச் சின்ன வாகன நிறுத்தம் நிரம்பிவிடும். ஒன்பது மணிக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் சில்வன் டிரெயிலில் ஏறினோம். அது மரநிழல் பாதை, வளைந்து வளைந்து ஏறும். பிள்ளைகளோடு ஆடி அசைந்து மேலே புல்வெளிக்குப் போவதற்குள் மணி பதினொன்றாகிவிடும், வெயிலும் வந்துவிடும். முதல் வருடம் தொல்லையாக இருந்த ஏற்றத்தை இந்த வருடம் கடிகாரமாக வைத்துக்கொண்டோம். அப்படியே மேலே சர்ப்பன்டைன் டிரெயிலைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் சுமார் மூன்று மைல், ஐந்து கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் என்றால் ஒன்றரை மணி நேரம் போதும். எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. பாதை ஆளொன்று நடக்கிற அகலம்தான், ஸ்ட்ரோலர் சரிப்படாது. முதுகில் சுமக்கிற பை இருந்தால் பரவாயில்லை. நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை, ஆகையால் சின்னப் பிள்ளை முன்னால் ஓடினாலும் அவை வந்து மோதும் பயமில்லை.

நிழல் பாதையில் பூ குறைவு. ஓக் மரங்களுக்கு அடியில் அங்கங்கே நீலமும் வெள்ளையுமாகச் சின்னதாக எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். இந்த மரநிழல் பூக்களின் காலம் பிப்ரவரி, மார்ச். புல்வெளிக்கு மார்ச் கடைசியும் ஏப்ரலும். மே, ஜூனில் புல் காய்ந்தபிறகு கிளார்க்கியா என்று ஒரு ரோஸ் நிறப் பூ வரும். எப்போது போனாலும் ஏதோ ஒன்று இருக்கும் என்றாலும், பிள்ளைகள் வாய் பிளக்க வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் பாதிதான்.

சின்னவன் பத்து நிமிடத்தில் "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று ஆரம்பித்தான். தூரம் சொன்னால் வம்பு. நிறம் எண்ணுகிற வேலையைக் கொடுத்தேன், ஒரு நிறத்துக்கு ஒரு உலர்திராட்சை. பெரியவளிடம் பூதக்கண்ணாடி. அத்தை கீழே கிடந்த ஒரு நீள இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்துவிட்டு, "பிரிஞ்சி இலைடீ இது!" என்றார். கலிஃபோர்னியா பே மரம். பிரிஞ்சி இலைக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம், ஆனால் வாசனை நாலு மடங்கு. ரொம்ப நேரம் முகர்ந்தால் தலைவலி வருமாம், அதனாலேயே தலைவலி மரம் என்றும் சொல்வார்கள். "குழம்புக்கு ஒண்ணு போட்டா ஒரு கல்யாணத்துக்கு வரும்" என்று கீழே போட்டுவிட்டார்.

மரங்கள் முடிந்து வெளிச்சம் அடித்த இடத்தில், பெரியவள் ஓடிப்போய் நின்றுவிட்டாள். சரிவு முழுக்க மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மஞ்சள் தூளைக் கொட்டி விளக்குமாற்றால் பரத்திவிட்டதுபோல. குனிந்து பார்த்தால்தான் அது ஒரே பூ இல்லை என்று தெரிகிறது. தரையோடு தரையாக, என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத கோல்ட்ஃபீல்ட்ஸ். அத்தைக்கு அது நெருஞ்சிப் பூ ஞாபகம் வந்ததாம், முள் மட்டும் இல்லை. அதற்கு நடுவே டைடி டிப்ஸ். மஞ்சள் இதழின் நுனியில் மட்டும் யாரோ பிரஷ்ஷால் வெள்ளை தொட்டு வைத்ததுபோல இருக்கும். சின்னவன் அதற்கு "ஆஃப் பாயில் பூ" என்று பேர் வைத்தான், இன்றுவரை எங்கள் வீட்டில் அதே பேர்தான். அப்புறம் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஆவுல்ஸ் க்ளோவர், அத்தை பாஷையில் குட்டிக் கோழிக்கொண்டை. இடையிடையே பாப்பி, இந்தத் தடவை வாய் திறந்து, வெயிலைப் பார்த்து. பூதக்கண்ணாடியை வைத்தால் ஒவ்வொரு கோல்ட்ஃபீல்ட்ஸுக்குள்ளும் இன்னும் பத்திருபது பூ. மகள் குப்புறப் படுத்துவிட்டாள். நல்லவேளை, பாதையில்தான் படுத்தாள்.

நான் போன் கேமராவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் அத்தை ஒரு பாப்பியைப் பறித்துவிட்டார்.

"ஆயா! பறிக்கக் கூடாது! ரூல்!" என்று பெரியவள் கத்தினாள்.

"சாமிக்குத்தானேடி பறிச்சேன். ஒண்ணே ஒண்ணு."

அதற்குள் பூ பதில் சொல்லிவிட்டது. பாப்பி நம் செம்பருத்தி மாதிரி தாங்காது. காம்பு ஒடிந்த கொஞ்ச நேரத்தில் இதழ் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அத்தையின் கையில் பச்சைத் தண்டு மட்டும் மிஞ்சியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. வாசலிலேயே சொல்லிக் கூட்டி வந்திருக்க வேண்டும். வேலிக்கு மேல் எட்டிப் பிடித்துப் பூப் பறித்து விடியலில் சாமிக்கு வைத்த கை அது, அறுபத்தெட்டு வருடப் பழக்கம். ஊரிலிருந்து பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் காரிலேயே இந்தப் பேச்சைப் பேசிவிடுங்கள். பாப்பியைப் பறித்தால் மட்டும் ஜெயில் என்று இங்கே ஒரு கதை உலவுகிறது. அப்படிப் பாப்பிக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. பொது நிலத்திலும் அடுத்தவர் நிலத்திலும் அனுமதியில்லாமல் எந்தச் செடியையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். காப்பகத்துக்குள் கல்லுக்கும் அதே விதி.

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் வந்தது. மார்ச் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை வார இறுதிகளில் தன்னார்வலர்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பூக்காட்டி நடப்பார்கள். நாங்கள் அதில் சேரவில்லை, மூன்று மணி நேர நடை எங்கள் சின்னவனுக்கு ஆகாது. ஆனால் கூட்டத்தை நடத்திய அம்மாள் அத்தையின் கையிலிருந்த தண்டைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து ஒரு கல்லைக் காட்டினார். பச்சையும் சாம்பலும் கலந்து, மெழுகு பூசியதுபோல வழவழவென்று. அத்தை தொட்டுப் பார்த்து "மாக்கல்லு" என்றார். கிட்டத்தட்ட சரிதான். சர்ப்பன்டைன், மாக்கல்லைப் போலவே மக்னீசியம் நிறைந்தது. 1965-லிருந்து கலிஃபோர்னியாவின் மாநிலப் பாறை. (பிள்ளைகள் இதை உடைத்துத் தூளாக்கி விளையாட விடாதீர்கள், சில வகையில் ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டு.)

இந்தக் கல்லிலிருந்து வருகிற மண் விவசாயி கண்ணுக்கு ஒன்றுக்கும் ஆகாது என்றார் அந்த அம்மாள். மக்னீசியம் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு, நைட்ரஜனும் குறைவு, போதாததற்கு நிக்கலும் குரோமியமும். ஐரோப்பாவிலிருந்து வந்து கலிஃபோர்னியா மலைகளை எல்லாம் விழுங்கிய புல் இந்த மண்ணில் தழைக்கவில்லை. பட்டினி கிடந்து பழகிய உள்ளூர்ப் பூக்கள் தப்பித்துக்கொண்டன. சுற்றிலும் புல்லாக இருக்க, இங்கே மட்டும் பூவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். 467 ஏக்கர். ஒரு காலத்தில் இதைக் கோல்ஃப் மைதானமாக்கத் திட்டம் இருந்தது, உள்ளூர்க்காரர்கள் விடாமல் போராடி 1993-ல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்க வைத்தார்கள். சான் மடேயோ தார்ன்மின்ட் என்று ஒரு சின்னச் செடி, உலகத்திலேயே இந்தப் பக்கத்துக் களிமண்ணைத் தவிர வேறெங்கும் இல்லை.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அத்தை தலையாட்டிக்கொண்டே கேட்டார். "அதானே, நம்ம மேட்டுச் செம்மண்ணுல வேற எதுவும் வராதுன்னுதானே முந்திரி வெச்சான். நல்ல மண்ணா இருந்தா முந்திரி ஏன் வெக்கறான்?" நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்தியபிறகும் பேசினார்கள்.

அந்த அம்மாள் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை விடவில்லை. பே செக்கர்ஸ்பாட் என்று கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு பட்டாம்பூச்சி. 1987-லேயே அழியும் அபாயத்தில் இருப்பதாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இதன் புழு முக்கியமாகத் தின்பது இந்த மண்ணில் முளைக்கிற ஒரு குட்டைச் செடியை. பிளான்டெயின் என்கிறார்கள், பேர்தான் வாழைக்காயின் ஆங்கிலப் பேர், நம் வாழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புல்லுக்கடியில் தேடினால்தான் தெரியும். காப்பகத்தை ஒட்டி 280 நெடுஞ்சாலை ஓடுகிறது, மேலே நின்றால் இரைச்சல் கேட்கும். வண்டிப் புகையில் இருக்கிற நைட்ரஜன் காற்றில் வந்து மண்ணில் இறங்குகிறது. கேட்காமலே யூரியா போட்ட மாதிரி. மண்ணுக்குச் சத்து ஏறியதும் வெளியே நின்றிருந்த ரைகிராஸ் புல் உள்ளே வந்து, செடியை மூடி, புழுக்கள் பட்டினி. இதை ஸ்டூவர்ட் வைஸ் என்ற ஆய்வாளர் 1999-ல் எழுதினார். 2002-க்குப் பிறகு எட்ஜ்வுட்டில் அந்தப் பட்டாம்பூச்சி இல்லாமல் போயிற்று. 2007-ல் சான் ஹோசேக்குத் தெற்கே கயோட்டி ரிட்ஜிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு தடவையில் நிலைக்கவில்லை, பிறகும் கொண்டுவர வேண்டியிருந்தது. இப்போது புல் விதை கட்டும் முன்பே அதை வெட்டிவிடுகிறார்கள்.

"எரு அதிகமானா களைதான் முந்திக்கும்" என்றார் அத்தை, இதில் என்ன அதிசயம் என்பதுபோல.

பெரியவள் கொஞ்ச நேரம் நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாமளும் அந்த ரோட்டுலதானேம்மா வந்தோம்?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று செக்கர்ஸ்பாட் எங்கள் கண்ணில் படவில்லை.

இறங்கும்போது அவசரம் வேண்டாம், பிள்ளைகள் சறுக்குவது அப்போதுதான். வெயில் ஏறிய நேரத்தில் கண்ணாடிவிரியனைப் போலவே உடம்பில் திட்டுத் திட்டாக இருக்கும் ராட்டில் பாம்பு பாதையில் வந்து படுக்கும். உட்காரும் முன் கல்லையும் மரக்கட்டையையும் சுற்றிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். அத்தை வழி நெடுக ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே வந்தார், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கீழே வாசல் அருகே மேசைகள் இருக்கின்றன. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பாட்டை மேலே சுமக்காமல் காரிலேயே விட்டதுதான் நான் அன்று செய்த புத்திசாலித்தனம். தண்ணீர் மட்டும் ஆளுக்கு ஒரு லிட்டர் எடுத்துப் போனோம், அதிலும் மிச்சமில்லை.

சாப்பிடும் முன் உண்ணி சோதனை. காதுக்குப் பின்னால், கழுத்து, முழங்காலுக்குப் பின்பக்கம், இடுப்புப் பட்டி. வெளிர் நிறத் துணி போட்டால் கண்டுபிடிப்பது சுலபம். இங்கே உண்ணி வழியாக லைம் நோய் வரும் என்பதால் விளையாட்டாக விடக்கூடாது. சின்னவனுடைய வெள்ளை சாக்ஸில் ஒன்று எள்ளளவில் ஏறிக்கொண்டிருந்தது, கடிக்கவில்லை. "மாட்டு உண்ணியாட்டம் இருக்கு, தீக்குச்சி இருக்கா?" என்றார் அத்தை. தீக்குச்சி வேண்டாம், கடித்திருந்தால் சிமட்டாவால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும் என்று சொல்லித் தட்டிவிட்டேன். அன்றைக்கு அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

செப்டம்பரில் ஊருக்குக் கிளம்பும் முன் அத்தை நர்சரியில் ஒரு பாக்கெட் பாப்பி விதை வாங்கச் சொன்னார். பால்கனியில் இருந்த ரோஜாத் தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டு, அபார்ட்மென்ட் ஓரத்தில் கிடந்த சரளையும் மணலும் கலந்து தொட்டியை நிரப்பி வைத்தார். "முதல் மழைக்குத் தூவு. எருவு போடாதே" என்று இரண்டு தடவை சொன்னார். நவம்பர் மழையில் தூவினேன். கொத்தமல்லி இலைபோல முளைத்ததில் ஐந்தாறு தங்கின. மார்ச் கடைசியில் ஒன்று பூத்தது. வெயில் வந்து விரியும்வரை காத்திருந்து படம் எடுத்து அனுப்பினேன்.

"தண்ணி ரொம்ப ஊத்தறே" என்று பதில் வந்தது.